முகம் தெரியாதவர் தரும் ஸ்டார்: ரிவியூக்கள் நம்மை வாங்க வைப்பது எப்படி

இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே விலை. இரண்டுக்கும் நூறு நூறு ரிவியூக்கள். முதல் ஹெட்போனுக்கு 72 பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். 8 பேர் நான்கு, 2 பேர் மூன்று, 2 பேர் இரண்டு, 16 பேர் ஒன்று. இரண்டாவதற்கு 36 பேர் ஐந்து, 50 பேர் நான்கு, 10 பேர் மூன்று, 4 பேர் இரண்டு. ஒற்றை ஸ்டார் ஒருவர்கூடத் தரவில்லை. கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் 418 ஸ்டார்கள், சராசரி 4.18. திரையில் இரண்டுக்கும் 4.2 என்றே தெரியும்.

ஆனால் வாங்குபவருக்கு இவை ஒரே பொருள் அல்ல. முதலாவது நன்றாக வாய்த்தால் அருமை. ஆறு பேரில் ஒருவருக்குக் காசு தண்டம். இரண்டாவதைப் பார்த்து யாரும் துள்ளிக் குதிக்கப் போவதில்லை, யாரும் தலையில் கைவைத்து உட்காரப் போவதும் இல்லை. இந்த வித்தியாசம் முழுவதும் அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோகிறது. நம் கையைப் பிடித்து இழுப்பது என்னவோ அந்த எண்தான். பொருளைப் பற்றி உண்மையில் ஏதாவது சொல்வது அதற்குக் கீழே கிடக்கும் எழுத்து. அதைப் பலர் படிப்பதே இல்லை.

எண்ணுக்கு உள்ள பலம்

ரேட்டிங் ஏறினால் வியாபாரம் ஏறும் என்று சொல்வது சுலபம், நிரூபிப்பது கடினம். நல்ல உணவகத்துக்கு நல்ல ரேட்டிங்கும் வரும், கூட்டமும் வரும். ரேட்டிங்கால்தான் கூட்டம் வந்தது என்று எப்படிச் சொல்வது? மைக்கேல் ஆண்டர்சன், ஜெரமி மக்ரூடர் என்ற இரு பொருளியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்த்தியான ஒரு வழியைப் பிடித்தார்கள். உணவகங்களுக்கு மக்கள் ரிவியூ எழுதும் யெல்ப் தளம் அப்போது சராசரியை அருகிலுள்ள அரை ஸ்டாருக்குத் திருத்திக் காட்டியது. உண்மைச் சராசரி 3.74 என்றால் திரையில் 3.5; 3.76 என்றால் 4. இந்த இரண்டு உணவகங்களுக்கும் தரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இருக்க வழியில்லை. வேறுபாடு திரையில் மட்டும்தான். சான் பிரான்சிஸ்கோ உணவகங்களின் முன்பதிவு விவரங்களை வைத்து அவர்கள் கண்டது: கூடுதலாகத் தெரிந்த அந்த அரை ஸ்டார், மாலை நேர மேசைகள் முழுதும் நிரம்பிப்போகும் வாய்ப்பை 19 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சமையலில் எதுவும் மாறவில்லை.

மைக்கேல் லூக்கா 2011-இல் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை வைத்துச் செய்த ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. யெல்ப்பில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. தனியார் நடத்தும் ஒற்றை உணவகங்களுக்குத்தான் இது பொருந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஸ்டார் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. அங்கே என்ன கிடைக்கும் என்பது போகிறவருக்கு ஏற்கெனவே தெரியும். வேறு தகவல் கையில் இல்லாத இடத்தில்தான் முன்பின் தெரியாதவரின் சொல்லுக்கு மதிப்பு ஏறுகிறது. பேர் தெரியாத பிராண்டுகள் ரிவியூக்காக உயிரை விடுவதும், பேர் பெற்றவை அவ்வளவாக அலட்டிக்கொள்ளாததும் இதனால்தான்.

குறை சொல்லும் ரிவியூவுக்கு எடை அதிகம். ஜூடித் ஷெவலியே, டினா மேஸ்லின் இருவரும் ஒரே புத்தகங்கள் அமேசானிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்திலும் விற்ற விதத்தை ஒப்பிட்டு 2006-இல் எழுதினார்கள். ஒரு ஐந்து ஸ்டார் விற்பனையை ஏற்றுவதைவிட ஒரு ஒற்றை ஸ்டார் அதிகமாக இறக்கியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஐந்து ஸ்டாரை எழுத்தாளரின் நண்பர்கூடப் போட்டிருக்கலாம். ஒற்றை ஸ்டார் போட்டவர் வலிந்து வந்து எழுதியிருக்கிறார் என்று படிப்பவர் நினைக்கிறார்.

இதற்கெல்லாம் மேலே, நாம் பார்க்கவே பார்க்காத ஒரு வேலையையும் ரேட்டிங் செய்கிறது. தேடல் பட்டியலில் எந்தப் பொருள் முதலில் வரவேண்டும் என்று தளங்கள் முடிவு செய்யும்போது விற்பனையோடு ரிவியூக்களும் கணக்கில் வருவது வழக்கம். மேலே வரும் பொருள் அதிகம் விற்கும். அதிகம் விற்பதற்கு அதிக ரிவியூ வரும். அதிக ரிவியூ அதை இன்னும் மேலே நிறுத்தும். எட்டாம் பக்கத்தில் கிடக்கும் பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சுழலுக்குள் நுழைவது பெரும்பாடு. நான் ரிவியூ பார்ப்பதே இல்லை என்று சொல்பவரும் ரிவியூ வரிசைப்படுத்திய பட்டியலிலிருந்துதான் வாங்குகிறார்.

முதலில் எழுதியவர் கை ஓங்கும்

மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள், இணையம் வழியே வந்த 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தம் உலகத்தில் தமக்கு முன்னால் வந்தவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் பார்த்தார்கள். எட்டு உலகங்களும் வெறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கின.

எண்ணைப் பார்த்தவர்களிடையே வெற்றிபெற்ற பாடல்கள் இன்னும் உச்சிக்குப் போயின, தோற்றவை இன்னும் அடியில் போயின. எது ஜெயிக்கும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. எண்ணைப் பார்க்காதவர்கள் நடுத்தரமாக 26-ஆம் இடத்தில் வைத்த ஒரு பாடல் ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடம். மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பதும் மிக மோசமானவை ஜெயிப்பதும் அரிதாகவே நடந்தன. இடைப்பட்ட பெரும் கூட்டத்துக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. கடையில் நாம் பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை அந்த இடைப்பட்ட கூட்டம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், முதல் பத்துப் பேர் என்ன எழுதினார்கள் என்பது ஒரு பொருளின் தலையெழுத்தையே மாற்றிவிடும் என்பது விளங்கும்.

2013-இல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் இதை இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். ஒரு செய்தித் தளத்தில் வந்த 101,281 பின்னூட்டங்களில், கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு ஆய்வாளர்களே ஒரே ஒரு ஆதரவு ஓட்டுப் போட்டார்கள். அதற்கு அடுத்து வந்தவர் ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. எல்லாம் முடிந்தபின் அந்தப் பின்னூட்டங்களின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. எதிர் ஓட்டு போட்டுப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். அநியாயமாகக் குறை சொன்னால் மனிதர்கள் எதிர்க்கிறார்கள், அநியாயமாகப் புகழ்ந்தால் தாமும் சேர்ந்துகொள்கிறார்கள். போலிப் புகழ்ச்சி என்ற தொழில் ஏன் இவ்வளவு லாபகரமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எண்ணிக்கையையும் நாம் தப்பாகவே படிக்கிறோம். ரிவியூக்கள் கூடக்கூடச் சராசரி உறுதியாகிறது, அவ்வளவுதான். 25 பேர் மட்டும் எழுதிய பொருளின் சராசரி, ஸ்டார்கள் வழக்கம்போலச் சிதறியிருந்தால், உண்மை நிலையிலிருந்து இருபுறமும் அரை ஸ்டார் வரை விலகியிருக்கலாம். 400 பேர் எழுதியிருந்தால் அந்த விலகல் ஸ்டாரில் எட்டில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். நாமோ எண்ணிக்கையைப் புகழாக எடுத்துக்கொள்கிறோம். டெரெக் பவலும் சக ஆய்வாளர்களும் 2017-இல் காட்டியது இது: இரண்டு பொருளுக்கும் ஒரே மாதிரி மோசமான சராசரி இருந்தாலும், மக்கள் அதிக ரிவியூ உள்ளதையே எடுக்கிறார்கள். கணக்குப்படி அது தலைகீழ். மோசம் என்று நூறு பேர் சொன்ன பொருள் மோசம் என்பது ஏறக்குறைய உறுதி. பத்துப் பேர் மட்டும் சொன்னதற்காவது இன்னும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது.

எழுதாதவர்கள்

வாங்கியவர்களில் மிகச் சிலரே எழுதுகிறார்கள். அதிலும் பெரிதும் எழுதுபவர்கள் இரு கோடியில் இருப்பவர்கள்: உச்சி குளிர்ந்தவர்கள், வயிறு எரிந்தவர்கள். பரவாயில்லை என்று நினைத்தவர் பொருளைப் பயன்படுத்திக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறார். வரைபடத்தில் ஐந்து ஸ்டார் உயரமாகவும், ஒற்றை ஸ்டார் அதற்கு அடுத்ததாகவும், நடுவில் பள்ளமாகவும் தெரிவது இதனால்தான். இந்த வடிவத்துக்குச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண், யாருமே நினைக்காத ஒன்றாகக்கூட இருக்கும்.

இன்னொரு சல்லடை வாங்கும்போதே போடப்பட்டுவிடுகிறது. ஒரு பொருள் வெளிவந்ததும் ஓடிப்போய் வாங்குபவர்கள் ஏற்கெனவே அதன் மேல் ஆசை வைத்திருந்தவர்கள். முதல் வாரத்து ரேட்டிங் அவர்களுடையது. அதை நம்பி, அந்த ஆசை இல்லாத அடுத்த கூட்டம் வாங்குகிறது, ஏமாறுகிறது, சராசரி இறங்குகிறது. பரிசு பெற்ற புத்தகங்களின் ரேட்டிங் பரிசுக்குப் பின் குறைந்ததை பலாஸ் கோவாச், அமண்டா ஷார்க்கி ஆகியோர் 2014-இல் காட்டினார்கள். புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. படிக்க வந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

விலையும் உள்ளே புகுந்துவிடுகிறது. மலிவான பொருளுக்கு "இந்தக் காசுக்கு இது போதும்" என்று ஐந்து ஸ்டார் விழும். நான்கு மடங்கு விலையுள்ள, எல்லா வகையிலும் மேலான பொருளுக்கு, எதிர்பார்த்த அளவு இல்லை என்று மூன்று விழும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமற்றது. பார்ட் டி லாங்கே, பிலிப் ஃபெர்ன்பாக், டோனல்ட் லிக்டன்ஸ்டைன் 2016-இல் 120 வகைகளைச் சேர்ந்த 1,272 பொருள்களின் ரேட்டிங்கை, ஆய்வகத்தில் சோதித்துத் தரப்பட்ட மதிப்பெண்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் இடையே பொருத்தம் மிகச் சொற்பம். பிராண்டின் பேரும் விலையும் ஸ்டார்களில் கலந்திருந்தன.

மனிதர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் இடங்களில் பிரச்சினை வேறு: பயம். ஈபே தளம் 1996-இலேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. நான் குறை எழுதினால் அவரும் என்னைப் பற்றிக் குறை எழுதிவிடுவாரே என்ற தயக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்தார்கள். 2008-இல் விற்பவர் வாங்குபவருக்குக் குறைமதிப்பு தர முடியாது என்று ஈபே மாற்றியது. வீடுகளைத் தங்க வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளம் 2014-இல், இருவரும் எழுதி முடிக்கும் வரை அல்லது 14 நாள் கெடு முடியும் வரை யாருடைய ரிவியூவும் தெரியாது என்று மாற்றியது. அப்படியும் ஒருவர் வீட்டில் தங்கி, அவரோடு பேசிச் சிரித்துவிட்டு வந்தபின் மூன்று ஸ்டார் போட மனம் வருவதில்லை. அத்தளத்து வீடுகளில் சுமார் 95 சதவீதத்தின் ரேட்டிங் நாலரை அல்லது ஐந்து என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 4.6 என்பது நல்ல மதிப்பெண்ணே அல்ல.

பத்தொன்பது பேர் கணக்கு

போலி ரிவியூ ஏன் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விற்பவரின் பக்கம் போய் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஒரே ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்துவிட்டது. சராசரி 4.5-இல் நிற்க வேண்டுமானால் அதற்கு ஈடாக ஏழு ஐந்து ஸ்டார்கள் வேண்டும். 4.8-இல் நிற்க வேண்டுமானால் 19. திருப்தியடைந்தவர்களில் பெரும்பாலோர் எழுதுவதில்லை என்பதால் அந்த 19 பேர் கிடைக்க நூற்றுக்கணக்கில் விற்றாக வேண்டும். புதிதாகக் கடை போட்டவருக்கு அது மாதக்கணக்கு. பட்டியலில் அடியில் போய்விட்டால் அந்த விற்பனையும் நடக்காது.

குறுக்கு வழிகளில் மென்மையானது பெட்டிக்குள் வரும் துண்டுச்சீட்டு. பிடித்திருந்தால் தளத்தில் ஐந்து ஸ்டார் தாருங்கள், குறை இருந்தால் எங்களுக்கு மட்டும் எழுதுங்கள் என்று அதில் இருக்கும். கேட்பவருக்கு இது பொறுப்பான பேச்சாகத் தோன்றும். நடப்பது என்னவென்றால், குறைகள் ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடுகின்றன, புகழ்ச்சி மட்டும் பொதுவில் தங்குகிறது.

அடுத்தது பணத்தைத் திருப்பித் தரும் ரிவியூ. சமூக ஊடகக் குழுக்களில் இதற்கு ஆள் சேர்ப்பார்கள். சேர்ந்தவருக்குப் பொருளின் நேரடி இணைப்பைத் தருவதில்லை. குறிப்பிட்ட சொல்லைத் தேடி, பட்டியலில் கீழே இறங்கிப் போய், அந்தப் பொருளைக் கண்டுபிடித்து வாங்கச் சொல்வார்கள். தளத்தின் கணினிக்கு அது இயல்பான தேடலாகத் தெரியும், அந்தத் தேடுசொல்லுக்குப் பொருளின் இடமும் ஏறும். வாங்குபவர் தன் காசைக் கொடுத்தே வாங்குகிறார். சில நாள் காத்திருந்து, படத்தோடு ஐந்து ஸ்டார் எழுதி, ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். முழுப் பணமும், சில சமயம் மேலே கொஞ்சமும் வேறு வழியாகக் கைக்கு வருகிறது. இவர் நிஜமாகவே வாங்கியவர் என்பதால் "வெரிஃபைடு பர்ச்சேஸ்" முத்திரையும் கிடைத்துவிடுகிறது. அந்த முத்திரை, வாங்கினார் என்பதற்கு மட்டுமே சாட்சி. சொந்தக் காசில் வாங்கினார் என்பதற்கு அல்ல. ஷெரி ஹே, பிரெட் ஹோலன்பெக், டேவிடே ப்ரோசெர்பியோ ஆகியோர் இத்தகைய குழுக்களைக் கண்காணித்து எழுதிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ரிவியூ வாங்குவதை நிறுத்தியதும் அந்தப் பொருள்களின் சராசரி சரிந்தது, ஒற்றை ஸ்டார்களின் பங்கு ஏறியது. அவை நம்பி வாங்கி ஏமாந்தவர்களின் ஸ்டார்கள்.

பழைய பக்கத்தைக் கடத்துவது மூன்றாவது வழி. நன்றாக விற்ற ஒரு பொருளின் பக்கத்தில், புதிய பொருளை இன்னொரு நிறம், இன்னொரு அளவு என்பதுபோலச் சேர்த்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான பழைய ரிவியூக்கள் ஒரே இரவில் புதியதற்கும் சொந்தமாகிவிடும். வைட்டமின் மாத்திரை விற்கும் பவுண்டிஃபுல் நிறுவனம் இதைச் செய்ததாக அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023-இல் 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. 2022-இல் ஆடை விற்கும் ஃபேஷன் நோவா நிறுவனத்தின் மீது அதே ஆணையம் சாட்டிய குற்றம், நான்கு ஸ்டாருக்குக் கீழான ரிவியூக்களைத் தன் தளத்தில் வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. அந்த வழக்கு 42 லட்சம் டாலரில் முடிந்தது.

போட்டிக் கடையைக் கவிழ்க்க எழுதும் போலியும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசரையும், அறை எடுத்தவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும் ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பக்கத்திலேயே பெரிய நிறுவனத்தின் கிளையாக இல்லாத தனி ஹோட்டல் இருந்தால் ஒரு ஹோட்டலுக்கு டிரிப்அட்வைசரில் குறை ரிவியூக்கள் கூடுதலாக இருந்தது தெரிந்தது.

படித்தாலே போலி தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவது நல்லது. 2011-இல் மைல் ஆட்டும் சக ஆய்வாளர்களும் சிகாகோவின் 20 ஹோட்டல்களுக்கு 400 போலி ரிவியூக்களைக் கூலிக்கு எழுதவைத்து, 400 உண்மையானவற்றோடு கலந்தார்கள். மனிதர்கள் கண்டுபிடித்த அளவு ஏறக்குறைய காசு சுண்டிப் பார்த்த அளவுதான். கணினி நிரல் பத்தில் ஒன்பதைச் சரியாகச் சொன்னது. போய்த் தங்காதவர்கள், யாரோடு போனேன், எதற்காகப் போனேன் என்று நிறைய எழுதினார்கள். அறை எவ்வளவு பெரியது, குளியலறை எந்தப் பக்கம் என்ற இடம்சார்ந்த விவரம் அவர்களிடம் குறைவு. இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும்போது அந்தத் தடயமும் மங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதலும் அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதலும் போலி ரிவியூவுக்கு வெளிப்படையான தடை உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் இணைய ரிவியூக்களுக்காக ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. சட்டம் தேவைதான். ஆனால் அது நடந்தபின் தண்டிக்கும். இன்று இரவு வாங்குபவருக்கு உதவ அதனால் முடியாது.

எண்ணை விட்டு எழுத்துக்கு

முதலில் பார்க்க வேண்டியது சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டை வரைபடம். நடுவில் பள்ளமும் அடியில் தடித்த பட்டையும் இருந்தால், பொருள் ஒரே சீராக வருவதில்லை அல்லது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. இரண்டில் எது என்பதை ஒற்றை ஸ்டார் எழுத்துகள்தான் சொல்லும்.

சில ரிவியூக்கள் மட்டுமே உள்ள பொருளையும் நிறைய உள்ள பொருளையும் ஒப்பிட ஒரு பழைய கணக்கு உதவும். இரண்டுக்கும் கற்பனையாக ஒரு நல்ல ரிவியூ, ஒரு கெட்ட ரிவியூ சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு எட்டும் நல்லது என்றால் பத்துக்கு ஒன்பது, அதாவது 90 சதவீதம். 200-க்கு 190 நல்லது என்றால் 202-க்கு 191, சுமார் 94.6 சதவீதம். குறையே இல்லாத முதல் பொருளைவிடப் பத்துக் குறைகள் உள்ள இரண்டாவதே நம்பத்தக்கது.

பிறகு புதியவை முதலில் வரும்படி வரிசையை மாற்றுங்கள். தளங்கள் இயல்பாகக் காட்டும் வரிசையில் மூன்று வருடப் பழைய ரிவியூ உச்சியில் இருக்கலாம். அதே பக்கம், அதே படம், அதே பெயர் இருக்க, உள்ளே இருக்கும் உதிரிபாகத்தையோ தயாரிக்கும் ஆலையையோ விற்பவர் மாற்றியிருப்பார். பழைய புகழ்ச்சியின் கனத்தில் சராசரி அசையாமல் நிற்கும். கடந்த மூன்று மாதத்து எழுத்தில்தான் அது தெரியும்.

அதன்பின் ஒற்றை ஸ்டார்கள். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட முதல் ஹெட்போனின் அந்த 16 ஒற்றை ஸ்டார்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஐந்து பேர் தாமதமாக வந்தது, பெட்டி நசுங்கியது என்கிறார்கள். அது கொண்டுவந்து கொடுத்தவரின் குறை, தள்ளிவிடலாம். இரண்டு பேர் கம்பியில்லாதது என்று நினைத்து வாங்கிவிட்டார்கள். அதையும் தள்ளிவிடலாம். மீதி ஒன்பதில் ஏழு பேர், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், வெவ்வேறு மாதங்களில் எழுதியிருக்கிறார்கள்: மூன்று நான்கு மாதத்தில் இடது காதில் சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றுவிட்டது. மடக்கும் மாடல் என்றால் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். கீல் வழியாகப் போகும் மெல்லிய செம்புக் கம்பி, மடக்கி விரிக்கும்போதெல்லாம் வளைகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஒட்டிக்கொண்டிருக்கும்வரை விட்டுவிட்டுக் கேட்கும், கடைசி இழையும் போனதும் மௌனம். இது ஒருவருக்கு வாய்த்த கெட்ட நேரம் அல்ல, வடிவமைப்புக் கோளாறு. தினமும் மடக்கிப் பையில் போடுபவர் இதை வாங்கக் கூடாது. மேசையிலேயே வைத்துக் கேட்பவர் வாங்கினாலும் வாங்கலாம். 4.2 என்ற எண் இந்த இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நேரம் குறைவாக இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு ஸ்டார்களை மட்டும் படியுங்கள். காசு கொடுத்து எழுதவைப்பவருக்கு அவற்றால் பயனில்லை: ஏற்றுவதற்கு ஐந்து வேண்டும், கவிழ்ப்பதற்கு ஒன்று வேண்டும். நடுவில் எழுதுபவர் பெரும்பாலும் நல்லதையும் கெட்டதையும் எடைபோட்டு எழுதுகிறார். ரிவியூக்களுக்குள் தேடும் வசதி இருந்தால் "மாதம்", "வருடம்", "உடைந்து" போன்ற சொற்களைத் தேடுங்கள். நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் அங்கே அகப்படுவார்கள். வாங்கிய மறுநாள் எழுதிய ரிவியூவுக்குப் பெட்டி எப்படி இருந்தது, அளவு சரியா, நிறம் படத்தில் உள்ளதுதானா என்பது தெரியும். பேட்டரி எத்தனை நாள் உழைக்கும், செருப்பின் அடிப்பாகம் எப்போது பிரியும் என்பதெல்லாம் அதற்குத் தெரிய வழியில்லை.

பக்கத்தில் எழுதியிருப்பதற்குச் சம்பந்தமில்லாத பொருளைப் பற்றிய ரிவியூக்கள், வாங்கியவர் போட்ட படத்தில் வேறு பொருள், பல மாதம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து ஸ்டார்கள், எழுதியவரின் பெயரைத் தட்டிப் பார்த்தால் தொட்டதற்கெல்லாம் ஐந்து ஸ்டார்: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

மின்சாரப் பொருள்களுக்கு ஒரு கூடுதல் கவனம். 500 பேரில் 499 பேர் ஐந்து ஸ்டாரும், ஒருவர் சார்ஜர் புகைந்தது என்று ஒற்றை ஸ்டாரும் போட்டால் சராசரி 4.99. ரிவியூக்களைச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பத்தியிலும் இது வராமல் போகலாம். பலர் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் அது எடுக்கும். "சூடு", "புகை", "தீ", "ஷாக்" என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இரண்டு வெவ்வேறு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால், மீதி எத்தனை ஆயிரம் பேர் புகழ்ந்திருந்தாலும் வேண்டாம்.

ரிவியூவை நம்பவே கூடாத பொருள்களும் உண்டு. காலணி காலுக்குப் பொருந்துகிறதா என்பது போட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். சத்து மாத்திரை வேலை செய்ததா என்பது விழுங்கியவருக்கே தெரியாது. உடம்பு தானாகத் தேறியிருக்கலாம், தூக்கம் கூடியிருக்கலாம். அப்படிப்பட்ட பொருளுக்குப் பத்தாயிரம் பேர் ஐந்து ஸ்டார் தந்தாலும் அதில் தகவல் இல்லை. ஆய்வகச் சோதனை முடிவோ மருத்துவரின் சொல்லோதான் அங்கே எடுபடும்.

நீங்களே எழுதும்போது நான்கு விவரம் போட்டால் போதும்: எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள், எதற்காக, எந்த அளவு அல்லது மாடல், எந்தப் பாகம் எப்படி நடந்துகொண்டது. "சூப்பர்", "வேஸ்ட்" என்ற ஒற்றைச் சொல் சராசரியை அசைக்குமே தவிர வாங்கப் போகிறவருக்கு ஒன்றும் சொல்லாது. எழுதிய ரிவியூவைத் திருத்தப் பல தளங்கள் வழி வைத்திருக்கின்றன. ஆறு மாதம் கழித்துப் பொருள் கெட்டுப்போனாலோ, கெடாமல் உழைத்தாலோ, பழையதை அழிக்காமல் அதன் கீழே தேதி போட்டு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.